தார் ரோடும் முந்தி ஓடிய கடிகாரமும்

எங்கள் ஓய்வுபெற்ற ஊழியர் சங்கம் ஒரு மலர் போடுகிறது. அதற்கு 'பருவநிலை மாற்றமும் தொழிலாளர் பாதுகாப்பும்' என்று ஒரு கட்டுரை வேண்டுமாம். அதைக் கேட்டுக்கொண்டு ஸ்டெல்லா என்ற பெண் போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். ரோடு பிரிவில் ஜூனியர் இன்ஜினியர். கையில் ஒரு சுற்றறிக்கையும் வைத்திருந்தாள். வெயில் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போவதால், திறந்தவெளியில் வேலை செய்கிறவர்களின் நேரத்தை அதிகாலைக்கு மாற்றிக்கொள்ளலாம், நிழலும் குடிதண்ணீரும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன அங்கிள் சிரிக்கிறீங்க? போன மாசம் என் சைட்ல ரெண்டு பேர் மயங்கி விழுந்துட்டாங்க. இப்பல்லாம் பிப்ரவரியிலயே வெயில் ஆரம்பிச்சிடுது" என்று அவள் கோபித்துக்கொண்டாள்.

"வெயிலைப் பாத்துச் சிரிக்கலம்மா. இதே உத்தரவை நான் அறுபதுகள்லயே போட்டுட்டேன். நான் வெறும் டைம்கீப்பர். ஆளுங்களுக்கு உத்தரவு போட எனக்கு அதிகாரம் கிடையாது. அதனால கடிகாரத்துக்குப் போட்டேன்" என்றேன்.

பருவநிலை மாற்றம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கடிகாரம் பற்றிக் கொஞ்சம் தெரியும். அதை எழுதுகிறேன். சங்கத்தார் தலைப்பை வேண்டுமானால் அப்படியே வைத்துக்கொள்ளட்டும்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரன். பெயர் அருளப்பன். அப்பா மீன்பிடிக்கிறவர். எனக்கோ படகில் கால் வைத்தாலே வாந்தி. கடல் வேண்டாம் என்று உத்தியோகம் தேடிய நான், நாலு நாள் கப்பலில் விடாமல் வாந்தி எடுத்துக்கொண்டு போர்ட் பிளேர் வந்து இறங்கினேன். எட்டாவது பாஸ் என்பதால் கையில் மண்வெட்டிக்குப் பதில் பேனா கொடுத்தார்கள். ரோடு கேம்ப்பில் டைம்கீப்பர். பயிற்சி அரை நாள்கூட நீடிக்கவில்லை. காட்டு இலாகாவின் பழைய டிராம் லைனிலிருந்து வெட்டிய தண்டவாளத் துண்டு ஒன்று மரத்தில் தொங்கும். பழைய டைம்கீப்பர் சுத்தியலை என் கையில் கொடுத்து, "நடுவுல அடி. ஓரத்துல அடிச்சா கை அதிரும்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

கேம்ப் இருந்தது சிப்பிகாட் என்ற ஊரைத் தாண்டி. ஒரு பக்கம் அலையாத்திச் சேறு, இன்னொரு பக்கம் குன்று. நடுவே மண் ரோட்டைத் தார் ரோடாக்க வேண்டும். மே மாதம் பாதியில் மழை வந்துவிடும். வந்தால் நிற்காது. அதற்குள் முடிக்க வேண்டும்.

எங்கள் ஓவர்சியர் வைத்தியநாதன், மாயவரத்துக்காரர். எல்லோரும் வைத்தி சார் என்போம். அந்தச் சேற்றுக் காட்டிலும் தினம் ஷூவுக்குப் பாலிஷ் போடுவார். வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். தனியாகச் சமைத்துச் சாப்பிடுவார். விடிகிற நேரத்தில் ஓடைப் பக்கத்துப் பாறையில் கிழக்கே பார்த்து நின்று, இரண்டு கையிலும் தண்ணீர் ஏந்தி ஏதோ முணுமுணுத்து அதைக் கீழே விடுவார். மத்தியானம் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை. அது அவர் சாமி விஷயம். நான் கத்தோலிக்கன். எங்கள் வீட்டு ஜெபமாலை போலத் தோன்றுகிறபோது சொல்லிக்கொள்ளும் ஜெபம் என்று நினைத்து, அந்தப் பக்கம் போகாமல் மரியாதையாக ஒதுங்கிக்கொள்வேன்.

அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. விதி தவறியும் பார்த்ததில்லை. ஆபீஸ் கொட்டகையில் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. தினம் மாலை ஐந்து மணி அடித்த பிறகு அதற்குச் சாவி கொடுப்பது என் வேலை. அதற்கென்று ஒரு பதிவேடு. 'கடிகாரம் ஓடுகிறது, சரி' என்று நான் எழுத வேண்டும், அவர் கையெழுத்துப் போடுவார். காலையில் நான் சுத்தியலோடு தண்டவாளத்தின் முன்னால் நிற்பேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "இருடா அருளப்பா, இன்னும் நாப்பது செகண்ட் இருக்கு" என்பார். எழுபது பேர் கடப்பாரையும் கூடையுமாக அந்த நாற்பது செகண்டும் காத்திருப்பார்கள். பிறகு குடையை ஒரு அங்குலம் தூக்குவார். நான் எட்டு அடிப்பேன்.

அந்த எட்டு மணியில்தான் வினை இருந்தது. மெயின்லேண்டு நேரம்தான் இங்கேயும். ஆனால் நாங்கள் அவர்களுக்கு வெகு தூரம் கிழக்கே கிடக்கிறோம். அங்கே சூரியன் பன்னிரண்டு மணிவாக்கில் தலைக்கு மேல் வரும். இங்கே பதினொன்றே காலுக்கு வந்து நிற்கும். பங்குனியில் ஐந்தே காலுக்கு நல்ல வெளிச்சம். ஆட்கள் நாலரைக்கே எழுந்து, கஞ்சி குடித்து, பல் குத்திக்கொண்டு எட்டு மணி வரை சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நான் மணி அடிக்கும்போது வெயில் மூன்று மணி நேர வேலையை முடித்திருக்கும்.

தார் வேலையோ இன்னும் மோசம். டியூட்டி நேரத்துக்கு முன்னால் நெருப்பு மூட்டக் கூடாது என்று விதி. எட்டுக்கு மூட்டினால் டிரம்மில் தார் இளகிப் பதமாகப் பத்து மணி ஆகிவிடும். அதைப் பூவாளியில் மொண்டு, சாக்குத் துணி சுற்றிய கால்களோடு நடந்து, ஜல்லி மேல் சீராக ஊற்ற வேண்டும். பின்னாலேயே பொடி ஜல்லி தூவுவார்கள். அதன் பின்னால் ரோலர். பத்திலிருந்து ஒன்றரை வரை, மேலே வெயில், கீழே தார், நடுவில் மனிதன்.

அந்த மனிதன் சின்னக்கண்ணு. ராமநாதபுரத்துக்காரன். தாரின் பதம் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். குச்சியை விட்டு எடுத்து, ஒழுகுகிற நூலைப் பார்த்து, "இப்ப ஊத்தலாம்" என்பான். அவன் சொல்லும் முன் ஊற்றிய இடம் முதல் மழைக்கே பெயர்ந்து வந்துவிடும். அவன் மனைவி முத்தம்மா அதே கேம்ப்பில் ஜல்லி உடைத்தாள்.

அந்த வருஷம் மாசி முடிவதற்குள்ளேயே வெயில் கொளுத்தத் தொடங்கிவிட்டது. ஒரு நாள் பதினொன்றரை இருக்கும். சின்னக்கண்ணு நிறைந்த பூவாளியோடு நடந்துகொண்டே யாரிடமோ பேசினான். என்னவென்று பக்கத்தில் போய்க் கேட்டேன். ஊரில் விட்டுவந்த தன் பசுவைத் தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அவன் முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை என்பதை நான் பார்த்தேன், ஆனால் அது வெயில் தாக்கியதன் அடையாளம் என்று எனக்குத் தெரியவில்லை. முழங்கால் மடிந்து விழுந்தான். வலப் பக்கம் கொதிக்கும் டிரம். நல்ல வேளை, இடப் பக்கம் விழுந்தான். பூவாளி கவிழ்ந்து இடது கை முழுக்கத் தார்.

வைத்தி சார் ஓடி வந்தார். அவர் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தோம். யாரோ தாரைப் பிய்க்கப் போனார்கள். "பிய்க்காதே. தோலும் வந்துடும். தண்ணி, தண்ணி கொண்டு வாங்கோ" என்றார். கால் மணி நேரத்துக்கு மேல் அந்தக் கையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். உடம்பையும் நனைத்தோம். லாரியில் ஏற்றினோம். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரி வரை வைத்தி சார் லாரியின் பின்தட்டில் நின்றபடி அவன் முகத்துக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டே போனார். பாலிஷ் போட்ட ஷூவெல்லாம் தார். திரும்பி வந்த பிறகு அன்றைக்கு அவர் கொட்டகையில் அடுப்பு எரியவில்லை.

கை போகவில்லை. ஆறுவதற்கு ஒரு மாதம் ஆகும், பிறகு வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். அந்தச் செய்தியை நான் முத்தம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவள் சுத்தியலைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"வேலைக்குப் போகலாம்னா? மறுபடி அதே தாருக்கு, அதே வெயில்லயா?"

"அவன்தானே பதம் பாக்கணும்."

"ஏண்ணே, கோழி கூவயில எந்திரிச்சு, வெயில் ஏறுற வரைக்கும் சும்மா குந்தியிருக்கோம். ஏறுனப்புறம் வேலைக்குப் போறோம். இது யாரு கண்டுபிடிச்ச வழக்கம்?"

"எட்டு மணின்னு விதி, முத்தம்மா."

"மணி அடிக்கிறது நீங்கதானே? அந்த மனுசன் உங்க மணிச் சத்தத்துக்குத்தான் போயி விழுந்தாரு. அடுத்த தடவை வலப் பக்கம் விழுந்தா, அதுக்கும் நீங்களே அடிச்சுருங்க."

 நேரே வைத்தி சாரிடம் போய், நேரத்தைக் காலை ஐந்தரைக்கு மாற்றுங்கள் என்று கேட்டேன். அவர் ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். விபத்து நடந்த மறுநாளே மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். பதிலும் வந்துவிட்டது. வேலை நேரம் எல்லா இடத்துக்கும் பொது, மாற்ற இயலாது, மயங்கி விழாமல் கவனமாக இருக்கும்படி தொழிலாளர்களுக்கு அறிவுறுத்தவும் என்று எழுதியிருந்தது.

"அறிவுறுத்தட்டுமா சார்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அருளப்பா, கடிகாரம் எட்டு காட்டினா மணி அடிக்கணும். அஞ்சு காட்டினா நிறுத்தணும். எனக்கும் அவ்வளவுதான் அதிகாரம், உனக்கும் அவ்வளவுதான். கடிகாரம் என்ன காட்டறதோ அதான் கணக்கு" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை அவர் கையில் கடிகாரம் இல்லை. "எங்க சார் வாட்ச்?" என்றேன். "உப்புக் காத்து பாரு. கழட்டிப் பெட்டியிலே வெச்சுட்டேன்" என்றார். துருப்பிடித்து நின்றுபோயிருக்கும் என்று நான் புரிந்துகொண்டேன். இனி கேம்ப்பில் இருப்பது ஒரே கடிகாரம். அதற்குச் சாவி கொடுப்பது ஒரே ஆள்.

அன்று மாலை சாவி கொடுக்கும்போது முள்ளை ஐந்து நிமிஷம் முன்னே தள்ளினேன்.  'கடிகாரம் ஓடுகிறது, சரி' என்று எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை, ஓடத்தான் செய்தது, கொஞ்சம் வேகமாக. வைத்தி சார் கையெழுத்துப் போட்டார். மறுநாள் இன்னொரு ஐந்து நிமிஷம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டு மணியை ஐந்தரைக்குக் கொண்டுவர நூற்றைம்பது நிமிஷம் தள்ள வேண்டும். அதாவது முப்பது நாள். சின்னக்கண்ணு கை ஆறவும் ஒரு மாதம். அவன் கையும் என் கடிகாரமும் பந்தயம் ஓடின. கடிகாரம் முந்த வேண்டும். ஒரேயடியாகத் தள்ளினால் பிடிபட்டுவிடுவேன். பிடிபட்டால் வேலை போகும். அதைவிட, அவன் பழைய நேரத்துத் தாருக்கே திரும்பிப் போவான்.

விஷயத்தை முத்தம்மாவிடம் மட்டும் சொன்னேன். அன்றையிலிருந்து அதை நிறுத்தியிருந்தவள் மறுபடி என்னை அண்ணே என்று கூப்பிடத் தொடங்கினாள்.

முதல் ஆபத்து பால்காரர் ரூபத்தில் வந்தது. சிப்பிகாட்டில் குடியேறிய வங்காளி, மண்டல் தாதா. தாதா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன். வைத்தி சாருக்குத் தினம் ஒரு சொம்புப் பால் கொண்டு வருவார். பத்தாவது நாளோ என்னவோ, வைத்தி சார் கடிகாரத்தைக் காட்டி அவரைப் பிடித்துக்கொண்டார்.

"க்யா தாதா, டெய்லி பாஞ்ச் மினிட் லேட். நேத்து ஏழு பத்து, இன்னிக்கு ஏழே கால்."

மண்டல் தாதா நெஞ்சில் கை வைத்தார். "நஹி சாப். ஹம் ரோஜ் ஏக்கி டைம் ஆத்தா ஹை. காய் போல்த்தா ஹை, தப் ஹம் ஆத்தா ஹை."

தினம் ஒரே நேரத்துக்குத்தான், மாடு எப்போது சொல்கிறதோ அப்போது வருகிறாராம். "அப்போ உன் மாடு லேட்" என்றார் வைத்தி சார். பாவம், மறுநாள் அந்த மனிதர் கொஞ்சம் முன்னால் எழுந்து மூச்சிரைக்க ஓடி வந்தார். அப்படியும் கடிகாரத்தில் இரண்டு நிமிஷம் லேட். ஒரு வாரம் இப்படி ஓடி, மாட்டுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று சிப்பிகாட் கால்நடை ஆஸ்பத்திரிக்கு அதை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மாட்டுக்கு ஒன்றுமில்லை, மண்டலுக்குத்தான் ரத்தக் கொதிப்பு இருக்கும் போலிருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். குற்ற உணர்ச்சியில் நான் அவரிடம் எனக்கும் ஒரு சொம்புப் பால் வாங்கிக் குடிக்க ஆரம்பித்தேன்.

இரண்டாவது ஆபத்து சூரியனே. ஒரு நாள் காலையில் வைத்தி சார் பாறையிலிருந்து நெற்றியில் விபூதியோடு வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஆறே முக்கால்.

"அருளப்பா, இந்த ஊர்லே பொழுது விடியறது நாளுக்கு நாள் லேட்டாயிண்டே போறதே."

"ஆமா சார். சீசன் அப்படி."

"பங்குனி மாசத்துலயா?"

"இங்க பங்குனி அப்படித்தான் சார். தீவுல்லா."

"ஓஹோ" என்றார். போய்விட்டார்.  இவ்வளவு படித்த மனிதர் நான் சொன்ன தீவுக் கதையை நம்பிவிட்டாரே என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது. இன்னொரு அதிர்ஷ்டம், வாரா வாரம் ரிப்போர்ட் கொடுக்க போர்ட் பிளேர் ஆபீசுக்குப் போகிறவர் அந்தச் சமயத்தில் போகாமல் லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். அங்கே சுவருக்குச் சுவர் கடிகாரம். மாதாவே காப்பாற்றினாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்களுக்குக் கடிகாரத்தைப் பற்றிக் கவலையே இல்லை. தண்டவாளம் அடித்தால் வேலை, அடித்தால் சோறு. பல் குத்தும் நேரம் குறைந்துகொண்டே வந்தது, அவ்வளவுதான். சித்திரை பிறந்து இரண்டு நாளில் நான் எட்டு அடித்தபோது மரத்தில் அப்போதுதான் கிளிகள் கத்தத் தொடங்கியிருந்தன. மறுநாள் சின்னக்கண்ணு வேலைக்கு வந்தான். கடிகாரம் ஒரு நாள் வித்தியாசத்தில் ஜெயித்தது.

எட்டுக்கு, அதாவது ஐந்தரைக்கு, நெருப்பு. ரோட்டில் பனி ஈரம் காயவும் தார் பதமாகவும் சரியாக இருந்தது. வெயில் தலைக்கு ஏறுவதற்குள் ஊற்றி முடித்து, நெருப்பை அணைத்து, மிச்ச நேரமெல்லாம் மரத்தடியில் ஜல்லி உடைப்பு. சின்னக்கண்ணு முதல் நாள் வேலையை முடித்துவிட்டு வந்து, வெளுத்துச் சுருங்கிய இடது கையால் நெற்றியைத் துடைத்து எனக்குக் காட்டினான். "நல்லா வேர்க்குதுண்ணே" என்றான். வேர்வையைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சித்திரை பாதியில் எக்சிகியூட்டிவ் இன்ஜினியர் வந்தார். வடக்கத்திக்காரர், பெரிய மீசை. நாங்கள் பெரிய சாப் என்போம். முன்கூட்டிச் சொல்லாமல் ஜீப்பில் வந்து இறங்கினார். தார் ஊற்றுவதைப் பார்க்க வேண்டும் என்று பதினொன்றரைக்குக் கணக்காக வந்திருக்கிறார். டிரம் ஆறிக் கிடக்கிறது. எழுபது பேரும் மரத்தடியில் ஜல்லி உடைக்கிறார்கள். அவர் வாயைத் திறந்த அதே நேரத்தில், வழக்கப்படி நான் தண்டவாளத்தில் இரண்டு அடித்தேன். ஜீப் வந்ததை நான் பார்க்கவில்லை. நடுவில் அடித்தேன், கணீரென்று கேட்டது.

பெரிய சாப் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காதில் வைத்துப் பார்த்தார். பிறகு ஆபீஸ் கொட்டகைக்குள் போய்ச் சுவரைப் பார்த்தார்.

"இந்தக் கேம்ப்பில் இப்போது மணி என்ன?" என்றார் இந்தியில்.

வைத்தி சார் விறைப்பாக நின்றார். "அரசாங்கக் கடிகாரப்படி இரண்டு, சார்."

"என் கடிகாரத்தில் பதினொன்றரை."

"இருக்கலாம், சார்."

"யார் இதைப் பார்த்துக்கொள்வது?"

"டைம்கீப்பர் சாவி கொடுக்கிறார். நான் கையெழுத்துப் போடுகிறேன். பொறுப்பு என்னுடையது." அவர் பதிவேட்டை எடுத்து விரித்தார். வரிசையாக என் 'சரி', வரிசையாக அவர் கையெழுத்து.

 வேலை போனால் ஊருக்குத் திரும்ப மறுபடி நாலு நாள் கப்பல் என்ற நினைப்பு எனக்கு அந்த நேரத்தில் வந்தது. என்னால் வைத்தி சார் மாட்டிக்கொண்டாரே என்று உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். வைத்தி சார் குடை நுனியை என் காலில் வைத்து அழுத்தினார். அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு விஷயம் புரிந்தது என்று நான் நினைத்தேன். அதற்குள் சின்னக்கண்ணு மரத்தடியிலிருந்து எழுந்து வந்துவிட்டான். அவனுக்கு இந்தி பத்து வார்த்தைதான் தெரியும். கையை நீட்டிப் பத்தையும் செலவழித்தான்.

"சாப், பெஹ்லே இஸ் டைம் மே ஹாத் ஜலா. அபி நஹி ஜல்த்தா."

முன்னே இந்த நேரத்தில்தான் கை வெந்தது, இப்போது வேகவில்லை. பெரிய சாப் அந்தக் கையையே பார்த்தார். பிறகு விடுவிடுவென்று ரோட்டில் இறங்கி நடந்தார், புதுத் தாரைச் சோதிக்க. வைத்தி சார் குடையை விரித்துக்கொண்டு பின்னால் ஓடினார். பெரிய சாப் குடை வேண்டாம் என்று தள்ளிவிட்டார். இரண்டு பர்லாங் போய் இரண்டு பர்லாங் வந்தார். திரும்பி வரும்போது மீசை நனைந்து தொங்கியது. மரத்தடியில் ஜல்லிக் குவியல்மேலேயே உட்கார்ந்துவிட்டார். முத்தம்மா பானையிலிருந்து தண்ணீர் கொடுத்தாள். மூன்று சொம்பு குடித்தார்.

சொம்பைக் கீழே வைத்தார். பிறகு, "ரோடு நன்றாக இருக்கிறது" என்றார். "வேலை நேரத்தை மாற்ற எனக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் இந்தக் கடிகாரம் கெட்டுவிட்டது. கெட்ட கடிகாரத்தை ரிப்பேருக்கு அனுப்ப எனக்கு அதிகாரம் இருக்கிறது." பேனாவை எடுத்துப் பதிவேட்டிலேயே எழுதினார். கடிகாரம் பழுது, ரிப்பேருக்கு அனுப்பவும். அது திரும்பி வரும் வரை, வேறு வழியில்லாததால், சூரிய உதயத்தை வைத்து வேலையை நடத்திக்கொள்ளவும்.

கடிகாரம் ரிப்பேருக்குப் போனது. எங்கள் இலாகாவில் ரிப்பேருக்குப் போன பொருள் எப்போது வரும் என்று பெரிய சாப்புக்குத் தெரியாமலா இருக்கும்? இரண்டு வருஷம் கழித்து வந்தது. கூடவே ஒரு சீட்டு. 'பரிசோதிக்கப்பட்டது, பழுது ஏதும் இல்லை.' அதற்குள் அந்த ரோட்டை முடித்து அடுத்த ரோட்டையும் முடித்திருந்தோம். அந்த இரண்டு வருஷத்தில் எங்கள் கேம்ப்பில் ஒருவர்கூட வெயிலில் விழவில்லை. சின்னக்கண்ணு அதற்குப் பிறகும் பல வருஷம் தார்ப்பதம் பார்த்தான்.

கடிகாரம் திரும்பி வந்த மாதமே வைத்தி சாருக்கு மெயின்லேண்டுக்கு மாற்றல் வந்தது. கப்பல் நிற்கும் ஜெட்டிக்கு அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். கப்பல் ஏறும் நேரத்தில் கையைத் திருப்பி மணி பார்த்தார். பழைய வாட்ச், பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"இது எப்ப சார் ரிப்பேர் பண்ணினீங்க?"

"இது எப்போடா கெட்டுது?"

"பெட்டியில வெச்சுட்டேன்னு சொன்னீங்களே."

"வெச்சுட்டேன்னேன். நின்னு போச்சுன்னு சொன்னேனா?"

நான் பெட்டியைக் கீழே வைத்தேன். அவர் குடையால் என் தோளில் மெதுவாகத் தட்டினார்.

"அசடே, தினம் மூணு வேளை சூரியனைப் பாத்து ஜலம் விடறவன் நான். காலம்பற உதயத்துக்கு, மத்தியானம் உச்சிக்கு, சாயங்காலம் அஸ்தமனத்துக்கு. என்கிட்ட வந்து பங்குனியிலே பொழுது லேட்டா விடியும்னியே."

எழுபது பேர் வாழ்ந்த கேம்ப்பில், முதல் ஐந்து நிமிஷத்திலிருந்தே எனக்குத் துணையாக ஒருவர் இருந்திருக்கிறார். நான்தான் இரண்டு வருஷம் தனியாகத் திருடியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை மறைக்க ஏதாவது பேச வேண்டுமே என்று, "அப்போ மண்டல் தாதாவை எதுக்கு சார் தினம் திட்டினீங்க? மாட்டை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போனாரே" என்றேன்.

வைத்தி சார் கப்பல் ஏணியில் ஒரு கால் வைத்தபடி திரும்பினார்.

"அவன்கிட்ட நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லு. நான் கடிகாரத்தை நம்பறேன்னு உனக்குத் தெரிய வேண்டாமா? நீ பயந்து பாதியிலே நிறுத்தியிருந்தா, சின்னக்கண்ணு என்னடா ஆயிருப்பான்?"